ஒருதரம் மட்டும் கேட்கிற ஊர்

டென்மார்க்கின் பிராண்டேயில் பனி கொட்டினால் அயலவர்கள் எல்லாம் பனி வழிக்கிற சவளோடு வாசலுக்கு வந்து சிரித்துக் கதைப்பார்கள். பாலேந்திராவுக்கு மட்டும் எரிச்சல் வரும். "இதுவும் ஒரு பனியோ? மத்தியானத்துக்கிடையில தண்ணியாப் போகுது" என்று யன்னலடியில் நின்று புறுபுறுப்பார். மனைவி தவமணி அடுப்படியில் இருந்தபடி, "அப்ப அதைப் பிடிச்சு ஃபிறிசருக்குள்ள வையுங்கோவன்" என்பார். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த மாதிரிப் பதில்கள் தவமணிக்குத் தயாராகவே இருக்கும்.

பாலேந்திராவுக்கு வேண்டிய பனி வேறு. கார்த்திகையில் விழுந்தால் பங்குனி வரை இருந்த இடத்தை விட்டு அசையாத பனி. மிதித்தால் கறுமுறு என்று சத்தம் போடும். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற ஈரம் உறைந்து ஊசி மாதிரிக் குத்தும். அந்தப் பனி இருக்கிற ஊர் ஹார்பின். சீனாவின் வடகிழக்கு மூலையில், ரஷ்யப் பக்கமாகக் கிடக்கிற பெரிய நகரம். டென்மார்க்கில் இருக்கிற அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டுபோய் அங்கே இறக்கினாலும் அந்த ஊர்ச் சனத்தின் தொகைக்கு எட்டாது. அந்த ஊரை நினைத்து ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் ஜூட்லாந்துக் குடாநாட்டின் நடுவில் இருந்து ஏங்குகிறார் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் அவர் யாருக்கும் சொல்வதில்லை.

பாலேந்திராவுக்கு அறுபத்திரண்டு வயது. டென்மார்க்குக்கு வந்து முப்பத்தைந்து வருடம். அதில் இருபத்தேழு வருடம் காற்றாலை செய்கிற தொழிற்சாலை ஒன்றில். காற்றாலையின் தலைக்குள் மின்சாரம் பிறக்கிற பெரிய வளையம் ஒன்று இருக்கும். அதற்குள் வைக்கிற செப்புச் சுருள்களுக்கு மின்காப்பு நாடா சுற்றுவது அவருடைய வேலை. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் பாதிக்குப் பாதி ஏறி வரவேண்டும், ஒரு சுருக்கமும் விழக்கூடாது. விழுந்தால் கடலுக்கு நடுவில் நிற்கிற காற்றாலைக்குள் போய்ச் சுருள் எரியும். பாலேந்திரா சுற்றிய சுருள் ஒன்றும் இதுவரை எரிந்ததில்லை. பிராண்டேயில் இதை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. வேலை நன்றாக நடந்தால் அதைப்பற்றி என்ன கதை என்பது இந்த நாட்டுச் சுபாவம்.

2018 ஐப்பசியில் அவரைப் பதினான்கு மாதம் ஹார்பினுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தொழிற்சாலை இதே வேலையைத் தொடங்கியது, பழக்கிவிட ஆள் வேண்டும் என்றது. போன முதல் நாளே நாற்பது பேர் அவருடைய கையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பெண் அவருடைய பெருவிரலை மட்டும் வீடியோ எடுத்தாள். "பா ஷிஃபு" என்று கூப்பிட்டார்கள். கைவேலை தெரிந்த பெரியவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிராண்டேயில் அவர் பெயரைச் சொல்ல நேரமில்லாமல் 'பால்' என்று சுருக்கிவிட்டார்கள். அங்கே அதைவிடச் சுருங்கி ஒரு எழுத்தாகிப் போனாலும் பின்னால் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு மாதமும் மனிதர் இரண்டு அங்குலம் உயர்ந்துதான் நடந்தார்.

2019 மார்கழியில் திரும்பி வந்தார். வந்த கையோடு விபோர்க்கில் ஒரு தமிழ் வீட்டுப் பிறந்தநாள் விழா. "அண்ணை, பாம்பு சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டுச் சபை சிரித்தது. அடுத்த மாதமே கொரோனா. சீனா என்று வாயைத் திறந்தாலே ஆட்கள் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தார்கள். பாலேந்திரா வாயை மூடிக்கொண்டார். மூடின வாய் ஐந்து வருடம் திறக்கவில்லை. கைப்பேசியில் மட்டும் ஹார்பினின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்ப்பார். மைனஸ் இருபத்தாறு என்றிருந்தால் ஒரு பெருமூச்சு.

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. காலைக் கூட்டம் முடிந்து கோப்பி மெஷினடியில் நின்றபோது பகுதித் தலைவி எமிலியா வந்தாள். முப்பத்தெட்டு வயது, நல்ல பிள்ளை, ஒளிவு மறைவு தெரியாதவள்.

"ஹார்பினில் புதிய பிரிவு தொடங்குகிறார்கள். வைகாசியில் இருந்து ஏழு மாதம். நீங்கள் போக விரும்புகிறீர்களா?"

பாலேந்திரா ஐந்து வருடம் காத்திருந்த கேள்வி. இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வூதியம்; இதை விட்டால் இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை. அவருடைய உடம்பு முழுவதும் போகிறேன், ஓம் ஓம் என்றது. வாய் என்ன சொன்னது தெரியுமோ?

"எனக்கு வயது போய்விட்டது. இளம் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள்."

சொல்லிவிட்டு அவர் தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு காத்திருந்தார். 'அதெப்படி, உங்களைப்போல் ஆர் இருக்கிறார்கள், நீங்கள்தான் போகவேண்டும்' என்று அவள் சொல்லவேண்டும். அவர் இன்னொருமுறை மறுக்கவேண்டும். மூன்றாம்தரம் அவள் கேட்க, 'சரி, இவ்வளவு சொல்லுறீர்கள்' என்று இவர் தலையாட்டவேண்டும். அதுதானே முறை.

"ஓகே, விளங்குகிறது. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்றாள் எமிலியா. கோப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நம்முடைய வீடுகளில் வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், "வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்" என்பார். ஒருவரும் குடித்துவிட்டு வந்திருக்க மாட்டார். அது கேட்கிறவருக்கும் தெரியும், தண்ணி அப்போதே அடுப்பில் ஏறியிருக்கும். முதல்தரமே ஓம் என்கிறவனைப் பார்த்து, தேத்தண்ணிக்கு அலையிறவன் என்று பின்னால் கதைப்பார்கள். டென்மார்க்கில் அப்படியில்லை. வேண்டாம் என்றால் கேத்தல் திரும்பி அடுப்படிக்குப் போய்விடும். பாலேந்திராவும் வந்த புதிதில் எத்தனையோ பிறந்தநாள்களில் கேக்கைப் பார்த்துக்கொண்டே பசியோடு இருந்தவர்தான். சாப்பாட்டு விஷயத்தில் பிறகு திருந்திவிட்டார். கேக் என்றால் இப்போது முதல் கேள்விக்கே தட்டை நீட்டுவார். ஆனால் ஆசை பெரிதாக இருக்கிற இடத்தில் பழைய நாக்குத்தான் முந்திக்கொண்டு வந்தது.

புதன்கிழமை அவர் தேவையில்லாமல் எமிலியாவின் அறைப் பக்கம் நடந்தார். வியாழக்கிழமை அவளிடம் போய், "ஹார்பினில் வைகாசியில் காற்று கொஞ்சம் பலமாக இருக்கும்" என்றார். "அப்படியா, போகிறவருக்குச் சொல்கிறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை கன்டீனில் அவளுக்கு நேரெதிரே இருந்து சாப்பிட்டார். அவள் தன் நாயைப் பற்றிக் கதைத்தாள். எனக்குப் போக விருப்பம் என்கிற மூன்று சொல் டேனிஷ் வாக்கியம் அவருக்குத் தெரியாதா என்ன? சொல்ல வாயைத் திறப்பார். நாய்க்கு எத்தனை வயது என்று கேட்டுவிட்டு மூடுவார். கேட்டு வாங்கினால் அது என்ன மரியாதை?

திங்கட்கிழமை எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. போகிறவர் கிருஷாந்த்.

கிருஷாந்த் அதே தொழிற்சாலையில் பொறியியலாளர். இங்கே சில்க்போர்க்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை, முப்பத்துநாலு வயது. எமிலியா கேட்டதும் அடுத்த மூச்சில் ஓம் என்றவன். சனிக்கிழமை பின்னேரம் ஒரு நோட்புக்கோடு பாலேந்திரா வீட்டுக்கு வந்தான். "அங்கிள், எனக்கு ஹார்பினைப் பற்றி ஒண்டும் தெரியாது. நீங்கள்தான் சொல்லவேணும்" என்றான்.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரித்தான் இருந்தது. இருந்தாலும் பாலேந்திரா முகத்தில் காட்டவில்லை. தவமணி தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்தார். "வேண்டாம் அன்ரி" என்றான் கிருஷாந்த். அவன் உண்மையிலேயே வேண்டாம் என்றுதான் சொன்னான், பாவம். தட்டில் இரண்டு ரோல்ஸ் விழுந்தது.

"அந்த ஊரில எப்பிடி, நல்ல குளிரோ?"

அவ்வளவுதான் அவன் கேட்டது. ஐந்து வருடமாக மூடிக்கிடந்தது திறந்துகொண்டது.

"குளிரெண்டா என்னெண்டு உங்களுக்கு இனித்தான் தெரியும். மைனஸ் முப்பது. வெளியில கைப்பேசி எடுத்தா ரண்டு நிமிசத்தில செத்துப்போகும். ஆனா இஞ்சத்தையக் குளிர் மாதிரி எலும்புக்குள்ள ஊறாது, காய்ஞ்ச குளிர். வீட்டுக்குள்ள வந்தா இருபத்தஞ்சு பாகை. ஊர் முழுக்க ஒரே சூடாக்கி, சூடு குழாயில வரும். ஆம்பிளையள் வீட்டில பெனியனோடதான் இருப்பாங்கள். ஐஸ்பழம் விக்கிறவங்களுக்கு ஃபிறிசரே தேவையில்லை. அட்டைப்பெட்டியில போட்டு றோட்டில வைச்சு விக்கிறாங்கள். மைனஸ் முப்பதில சனம் வரிசையில நிண்டு ஐஸ்பழம் வாங்கிக் கடிச்சுக்கொண்டு போகும். நானும் கடிச்சனான்."

"நீங்களா?" என்றார் தவமணி, அடுப்படி வாசலில் நின்றபடி. அவருக்குத் தெரிந்த பாலேந்திரா ஆடி மாதத்திலும் கழுத்துக்குச் சால்வை கட்டுகிறவர்.

"ரஷ்யாக்காரர் ரெயில்பாதை போட வந்து கட்டின ஊர் அது. அதுக்கு முந்தி ஆத்தங்கரையில சின்னச் சின்னக் கிராமங்கள்தான். நடு றோட்டு முழுக்கக் கல்லுப் பதிச்சிருக்கு, ஒவ்வொண்டும் எங்கட ஊர்ப் பாண் அளவு. நூறு வருசமா ஒண்டும் கிளம்பேல்லை. பச்சைக் கும்பம் வைச்ச ஒரு பெரிய தேவாலயம் இருக்கு. பூசை இல்லை, சனம் வந்து சுத்திவர நிண்டு படம் எடுக்கும். அங்க பேக்கரியில பாண் விப்பாங்கள், தலகாணி அளவில. ஒராள் ஒரு பாணை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு போவார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போற மாதிரி. பேரிக்காயை வெளியில வைச்சு உறைய விடுவாங்கள். கறுத்துப்போகும். பச்சைத்தண்ணியில போட்டா இளகும், பிறகு ஒரு ஓட்டை போட்டு உறிஞ்சிறது. ஐயோ, அந்த இனிப்பு."

கிருஷாந்த் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆறு ஒண்டு போகுது, சொங்ஹுவா எண்டு. மார்கழியில உறைஞ்சு றோட்டாப் போயிடும். அதை வாளால அறுத்து, ஒவ்வொரு துண்டும் ஒரு அலுமாரி அளவு, கிரேன் வைச்சுத் தூக்கிக்கொண்டு போய் ஒரு முழு ஊரே கட்டுவாங்கள். கோட்டை, கோபுரம், படிக்கட்டு, எல்லாம் ஐஸ். உள்ளுக்குள்ள வெளிச்சம். ரண்டு மாசத்தில கரைஞ்சுபோகும் எண்டு தெரிஞ்சுதான் கட்டுறாங்கள். முதல்நாள் நான் போய் நிண்டு பாத்தன். பக்கத்தில சொல்ல ஒருத்தருமில்லை. கண்ணால தண்ணி வந்து அப்பிடியே கன்னத்தில உறைஞ்சுபோச்சு."

இதைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அங்க லாவ் சுன் எண்டு ஒருத்தர், என்ர வயசுதான். என்னோட நிண்டு வேலை பழகினவர். ஞாயிற்றுக்கிழமையில வீட்ட கூப்பிடுவார். அந்தாள் ஒரு தடவை கேக்கிறதில்லை. வேண்டாம் எண்டா பிளேட்டில வைப்பார். ஐயோ போதும் எண்டா இன்னும் வைப்பார். கைப்பேசியைத் தூக்கி மொழிபெயர்ப்பில காட்டுவார், 'நீ சாப்பிடாட்டி என்ர மனிசி நித்திரை கொள்ளமாட்டா' எண்டு. எனக்கு அந்த மேசையில பாஷையே தேவைப்படேல்லை, தம்பி. முப்பது வருசம் இஞ்ச இருந்து விளங்கப்படுத்த ஏலாததை அந்தாளுக்கு விளங்கப்படுத்தவே தேவையிருக்கேல்லை."

கிருஷாந்த் நல்ல மனம் உள்ள பிள்ளை. பேனையை மூடினான்.

"அங்கிள், உங்களுக்குத்தானே போக விருப்பம். நீங்கள் போறியளோ? நான் எமிலியாவோட கதைக்கிறன். எனக்குப் பிரச்சினை இல்லை, நான் பிறகும் போகலாம்."

கடவுளே வந்து கதவைத் தட்டின மாதிரி. இரண்டாம்தரமும் ஒரு கதவு. பாலேந்திராவின் கை மேசைவிளிம்பைப் பிடித்தது.

"சீச்சீ, என்ன கதை இது. நீங்கள் இளம் பிள்ளை, நீங்கள்தான் போகவேணும்."

"ஓகே அங்கிள்" என்றான் கிருஷாந்த். மறுபடியும் பேனையைத் திறந்து, "அப்ப சப்பாத்து? இஞ்ச வாங்கிறதோ, அங்க வாங்கிறதோ?" என்று கேட்டான்.

"அங்க வாங்குங்கோ" என்றார் பாலேந்திரா. எல்லாம் விட்டுப்போன மாதிரி வந்த அந்தக் குரலைத் தவமணி முன்பு ஒருநாளும் கேட்டதில்லை.

அவன் போன பிறகும் அவர் இருந்த கதிரையை விட்டு எழும்பவில்லை. தவமணி தட்டுகளை அடுக்கினார். ரோல்ஸ் இரண்டும் அப்படியே கிடந்தது.

"இவ்வளவு கதையையும் எங்கயப்பா வைச்சிருந்தனீங்கள்?"

"ஆரும் கேக்கேல்லை."

"கேட்ட ஒருத்தன் இப்பத்தான் கார் எடுத்துக்கொண்டு போறான். நீங்கள் போங்கோ எண்டு வாயால சொன்னவன். ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

பாலேந்திராவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் எமிலியா கதையும் வெளியே வந்தது. கோப்பி மெஷினடி, நேர்மைக்கு நன்றி, கன்டீன், நாய், எல்லாம். "இந்தச் சனத்துக்கு மனிசரை விளங்காது! ஒருதரம் கேக்கிறது, விட்டிட்டுப் போறது. ஒருதரம் கேக்கிறதெல்லாம் ஒரு கேள்வியே? மனசார விருப்பமெண்டா ரண்டாந்தரம் கேட்டிருப்பாளே. என்னை வேண்டாமெண்டுதானே அப்பிடிக் கேட்டவள். முப்பத்தைஞ்சு வருசம் இஞ்ச இருந்து என்ன கண்டம்?"

தவமணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து இருந்தார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நீட்டினார். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் நின்று உழைத்த கால்.

"என்னை எத்தினை தரம் கேட்டனீங்கள்?"

"என்னத்தை?"

"நீங்கள் போகேக்க. மனிசியையும் கூட்டிக்கொண்டு வரலாமாம், வாறீரோ எண்டு கேட்டனீங்கள். நான் வந்து அங்க என்ன செய்யிறது, எனக்கு வேலை இருக்குத்தானே எண்டன்."

"ஓம். நீர்தானே வேண்டாமெண்டனீர்."

"'சரி' எண்டனீங்கள். அடுத்தநாள் ஒரு ரிக்கெற் போட்டியள்." தவமணியின் குரல் உயரவில்லை. "நான் சம்பளமில்லாத லீவுக்குக் கடிதம் எழுதி ஹாண்ட்பாக்கில வைச்சிருந்தனான். ரண்டாந்தரம் கேப்பியள், கேட்டாக் குடுப்பம் எண்டு. நீங்கள் எயாப்போட்டுக்குப் போற அண்டு காலமையும் அது ஹாண்ட்பாக்குக்குள்ளதான் கிடந்தது. போய் இறங்கினன் எண்டு நீங்கள் மெசேஜ் போட்ட பிறகுதான் கிழிச்சனான்."

பாலேந்திராவுக்கு ஐஸ் கோட்டைக்கு முன்னால் தனியே நின்றதும், பக்கத்தில் சொல்ல ஆளில்லாமல் அழுததும் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் நிற்கவேண்டிய ஆள் பிராண்டேயில் இரவுச்சாப்பாட்டைத் தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். 'விருப்பமில்லைப் போல' என்றுதான் அவர் அப்போது நினைத்தார். ஒரு முழு டேனிஷ்காரன் மாதிரி, ஒளிவு மறைவில்லாமல், அப்படியே நம்பிவிட்டார்.

"அப்ப எனக்கு முழங்கால் நல்லா இருந்தது" என்றார் தவமணி. "எவ்வளவு தூரமெண்டாலும் நடந்திருப்பன்."

யன்னலுக்கு வெளியே காலையில் விழுந்த பனி சேறாகிக் கிடந்தது. பாலேந்திரா அதைப் பார்த்துவிட்டுத் தவமணி பக்கம் திரும்பினார்.

"வாற தை மாசம் போவமோ? வேலைக்கில்லை. சும்மா பாக்க. நீரும் நானும்."

"உங்களுக்கென்ன விசரோ? அந்தக் குளிருக்கையோ? நான் வரேல்லை."

'சரி' என்ற சொல் அவருடைய நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார்.

"நான் உண்மையாத்தான் கேக்கிறன். வாரும்."

"இந்தக் காலை வைச்சுக்கொண்டு என்னெண்டப்பா? ஐஸில வழுக்கி விழுந்தா ஆர் தூக்கிறது? நீங்கள் வேணுமெண்டா போட்டு வாங்கோ."

பாலேந்திரா எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"ஆத்தில நடக்கத் தேவையில்லை. சறுக்குக் கதிரை வைச்சிருப்பாங்கள். ஒராள் இருக்க மற்றாள் பின்னால நிண்டு தள்ளுறது. கிழடுகட்டையெல்லாம் சிரிச்சுக்கொண்டு காத்து மாதிரிக் கெதியாப் போகும். நீர் இரும், நான் தள்ளுறன். இந்தக் கரையில இருந்து அந்தக் கரை மட்டும் தள்ளுறன். தவமணி, வாரும்."

தவமணி அவரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் ஆரோ ஒருவரைக் கதிரையில் இருத்தித் தள்ளினவர். அவரைத் தள்ளுகிறேன் என்று ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

"கெதியாத் தள்ளக்கூடாது" என்றார்.